கணிப்பொறிக் கல்வி நம் பிள்ளைகளிடம் வந்த வரலாறு

யூபிலி மலர் என்றால் அதில் கோவில் எழும்பிய வரலாறும், பங்கைப் பேணி வளர்த்த குருக்களின் பெயர்ப் பட்டியலும், கெபி கட்டிய விவரமும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காணலாம். இங்கு நாம் சொல்ல முற்படுவது வேறொரு வரலாறு. நம் பங்கின் ஒவ்வொரு வீட்டையும் தொட்ட வரலாறு அது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் கணிப்பொறிக் கல்வி எவ்வாறு வந்து சேர்ந்தது, யாருக்கு முதலில் கிடைத்தது, யார் வாசலில் காத்து நின்றனர் என்பதே அது.

தட்டச்சுப் பொறியே முதற்பொறி

கணிப்பொறி வருவதற்கு முன்பே இயந்திரத்தின் முன் அமர்ந்து கல்வி பெறும் பழக்கம் நம் பகுதிக்கு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். இறுதித் தேர்வு எழுதிய கையோடு பிள்ளைகள் அங்கே போய்ச் சேருவார்கள். கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்துத் திண்டுக்கல் நகருக்கு வந்து, ஒரு மணி நேரம் தட்டச்சு அடித்துவிட்டுத் திரும்புவார்கள். நிமிடத்திற்கு 30 சொல் அடித்தால் 'லோயர்', 45 சொல் அடித்தால் 'ஹையர்'. அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அத்தேர்வுச் சான்றிதழைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தாத குடும்பம் அக்காலத்தில் குறைவு.

இதற்குக் காரணம் உண்டு. பூட்டுத் தொழிலும், தோல் ஷெட்டும், புகையிலையும், மானாவாரி நிலமும், சின்னாளபட்டித் தறியும் நம் மக்களுக்குச் சோறு போட்டன. ஆனால் அவை மாதச் சம்பளத்தின் நிம்மதியைத் தரவில்லை. தகப்பன் அரம் பிடித்த கை, மகன் கையில் அரம் வேண்டாம் என்று நினைத்தது. மகளுக்கு ஓர் அலுவலக மேசை கிடைக்காதா என்று தாய் ஏங்கினாள். அந்த ஏக்கத்திற்குத் திறந்த முதல் கதவு தட்டச்சுப் பொறி.

1978-ல் பழைய பி.யு.சி. முறை மறைந்து, பள்ளிகளிலேயே மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. 1980-ல் முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு நடந்தது. அன்று முதல் 'எந்த குரூப்பு?' என்ற கேள்வி பதினைந்து வயதுப் பிள்ளையின் வாழ்வில் புகுந்தது. அக்கேள்விக்குப் பின்னாளில் கணிப்பொறியும் ஒரு விடையாக வந்தது.

கண்ணாடி அறையிலிருந்து வெளியே

தொடக்கத்தில் கணிப்பொறி என்பது குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கும் பெரும் இயந்திரம். சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370 என்ற கணிப்பொறி நிறுவப்பட்டது. அதன் அருகே செல்லப் பொறியியல் மாணவரும் ஆராய்ச்சியாளரும் தகுதி உடையோர். பள்ளிப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் உலகின் வேறு மூலைகளில் சிலர் அந்த அறைக் கதவைத் திறக்க முயன்றுகொண்டிருந்தனர். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1964-ல் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் 'பேசிக்' என்ற கணிப்பொறி மொழியை உருவாக்கினர். கணிதமோ பௌதிகமோ படிக்காத மாணவனும் கணிப்பொறியோடு பேச வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம்.

அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் பெயரைக் கத்தோலிக்கர்களான நாம் அறிந்திருத்தல் நலம். 1965-ல் அமெரிக்க நாட்டில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இருவருள் அவர் ஒருவர். அவ்வாண்டே அயோவா மாநிலத்தின் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையை நிறுவி, இருபது ஆண்டுகள் அதை நடத்தினார். அது பெண்களுக்கான கல்லூரி என்பதை மறக்கலாகாது. அவருக்கும் முன்னரே, 1949-ல், ரொபெர்த்தோ பூசா என்ற இத்தாலிய யேசு சபைக் குரு, புனித தோமா அக்குவினாரின் நூல்களிலுள்ள சொற்களையெல்லாம் இயந்திரத்தின் துணையால் அகரவரிசைப்படுத்தும் பெரும்பணியை ஐ.பி.எம். நிறுவனத்தின் உதவியோடு தொடங்கினார். துளையிட்ட அட்டைகளில் எழுத்துகளைப் பதிக்க ஆள் வேண்டுமே! அதற்காக 1956 முதல் கல்லராத்தே என்ற ஊரில் இளைஞருக்குப் பயிற்சி அளித்தார். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். வேலையோடு கற்ற அக்கல்வி பலருக்குப் பின்னர்ப் பிழைப்புக்கு உதவியது.

இவர்கள் நால்வரும் ஒன்றை மெய்ப்பித்தார்கள். கணிப்பொறி மேதைகளின் தனிச்சொத்து அன்று. கற்பிப்பார் இருந்தால் எவரும் கற்கலாம்.

1984: பள்ளிக்குள் வந்த முதல் பெட்டி

எண்பதுகளில் கணிப்பொறி மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறுத்தது. விலையும் இறங்கியது. இங்கிலாந்தில் பி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனம் பொதுமக்களுக்குக் கணிப்பொறி அறிவு புகட்ட ஒரு திட்டம் வகுத்தது. அதற்கென ஏகார்ன் என்ற கம்பெனி செய்த பொறியே 'பி.பி.சி. மைக்ரோ'. இந்திய அரசு 1984-85-ல் 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தைத் தொடங்கியபோது இப்பொறியையே தேர்ந்தெடுத்தது. முதலில் சுமார் 250 பள்ளிகள். பின்னர் மாநில அரசுகள் வழியாக மொத்தம் 12,000 பொறிகள் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. இத்திட்டத்தின்கீழ் வந்த பள்ளிகள் 2,598.

பெருமைக்குரிய தொடக்கம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கு ஐந்து பொறி கூட முழுதாக வரவில்லை. ஐம்பது பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பொறிக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல். ஒருவன் விசையைத் தட்ட, ஒன்பது பேர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். ஆசிரியருக்குக் கிடைத்த பயிற்சியோ சொற்பம். திரையில் தோன்றியதெல்லாம் ஆங்கிலம். அப்பொறியின் நினைவுத் திறன் 32 கிலோபைட்; இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் கூட அதில் அடங்காது. நாடெங்கும் இருந்த பல்லாயிரக்கணக்கான பள்ளிகளில் பெரும்பாலானவை அந்தப் பெட்டியைக் கண்ணால் காணவும் இல்லை. தொண்ணூறுகளில் அரசே பி.பி.சி. பொறிகளைக் கைவிட்டு வேறு வழி தேடியது.

அந்த ஆண்டுகளில் நம் ஊரும் மாறிக்கொண்டிருந்தது. 1984-ல் திண்டுக்கல்லில் பி.எஸ்.என்.ஏ. பொறியியற் கல்லூரி தொடங்கிற்று. 1985 செப்டம்பர் 15-ல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. என்ஜினீயர் படிப்பு என்பது கிண்டிக்கோ கோவைக்கோ போய்ப் படிப்பது என்றிருந்த எண்ணம் மாறி, பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்துக்கு வந்தது. பெற்றோரின் கனவும் பெரிதாயிற்று.

வாசலில் செருப்பு, கையில் ரசீது

தொண்ணூறுகளில் நகரின் கடைவீதி மாடிகளில் 'கம்ப்யூட்டர் சென்டர்' பலகைகள் தோன்றின. தட்டச்சுப் பயிலகம் இருந்த அதே மாடியில், சில இடங்களில் அதே உரிமையாளரே, கணிப்பொறியையும் வைத்தார். தூசு படக்கூடாது என்று செருப்பை வாசலில் விட்டு, கோவிலுக்குள் போவதுபோல் பயபக்தியோடு பிள்ளைகள் உள்ளே சென்றனர். கோடை விடுமுறையில் மூன்று மாதப் படிப்பு, ஆறு மாதப் படிப்பு, டிப்ளமோ என்று பல பெயர்கள். நல்ல முறையில் கற்பித்த நிலையங்களும் இருந்தன. தாளின் பளபளப்பில் மட்டும் கவனம் செலுத்திய நிலையங்களும் இருந்தன. எது எந்த வகை என்று பிரித்தறியும் வாய்ப்பு, எழுதப் படிக்கத் தெரியாத தாய் தந்தையருக்கு ஏது? தாலிக் கொடியை அடகு வைத்துக் கட்டணம் கட்டிய குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

பள்ளிக்கூடங்களிலும் 'கம்ப்யூட்டர் குரூப்பு' வந்தது. தமிழக அரசு 1999 முதல் எல்காட் நிறுவனத்தின் வழியாக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினிக் கல்வியை விரிவாக்கியது. இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. நம் பிள்ளைகளில் பலர் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளிகளில். அங்கே தமிழுக்கும் கணக்குக்கும் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. கணினிக்கோ பெரும்பாலும் அத்தகைய ஆசிரியர் பணியிடம் கிடையாது. ஆகவே பல பள்ளிகளில் அப்பிரிவு சுயநிதிப் பிரிவாகவே நடந்தது. பொறி வாங்கவும், ஆசிரியருக்குச் சம்பளம் தரவும் பணம் பெற்றோரிடமிருந்தே வர வேண்டியதாயிற்று. ஒரே பள்ளி, ஒரே மணியோசை, ஒரே காலை ஜெபம். ஆனால் ஒரு வகுப்புக்கு மட்டும் கட்டண ரசீது. கூலி வேலை செய்பவரின் மகள் நல்ல மதிப்பெண் பெற்றும் வேறு பிரிவைத் தேர்ந்தாள் என்றால், அவள் மனம் விரும்பித் தேர்ந்தாள் என்று சொல்ல முடியுமா?

மொழி என்னும் சாவி

கதவு திறந்தாலும் உள்ளே பேசும் மொழி புரிய வேண்டும். வீரமாமுனிவர் தமிழ் எழுத்தில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாக்கியதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். பெஸ்கி என்ற அவருடைய இயற்பெயரைத் தாங்கிய யேசு சபை இல்லம் நம் திண்டுக்கல்லிலேயே உண்டு. படிப்பவனின் சிரமத்தைக் குறைக்க எழுத்தைத் திருத்தினார் அவர். அதே நோக்கத்தோடு, சென்னையில் 1999 பிப்ரவரியில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி 'தமிழ் 99' என்ற விசைப்பலகை அரசால் ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்வரிசை வலக்கைப் பக்கம். தமிழ் அறிந்தவன் எளிதில் பழகத்தக்க அமைப்பு. மேல்நிலை வகுப்புக்குத் தமிழில் கணினிப் பாடநூல் வந்தது. தேர்வையும் தமிழிலேயே எழுத முடிந்தது. 'கம்ப்யூட்டர்' என்றும் 'கணிப்பொறி' என்றும் சொல்லிவந்த நாம் 'கணினி' என்று சொல்லத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். ஆங்கிலம் தெரியாதவனுக்குக் கணினி ஆகாது என்ற அச்சம் அதனால் ஓரளவு தணிந்தது.

மடிக்கணினியும் மூடிய பள்ளியும்

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளோடு அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவரும் அதில் சேர்க்கப்பட்டனர். கட்டணம் கட்ட இயலாமல் கணினிப் பிரிவைத் துறந்த பிள்ளையின் வீட்டுக்கும் கணினி வந்தது. அண்ணன் பெற்றதைத் தங்கை பயன்படுத்தினாள். தகப்பனும் ஒரு நாள் விசையைத் தொட்டுப் பார்த்தார். 2018-19-ல் பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது வணிகவியல் பிரிவு மாணவருக்கும் 'கணினிப் பயன்பாடுகள்' என்ற பாடம் அமைந்தது. மேல்நிலை இரண்டாம் ஆண்டில் பைத்தான் என்னும் புதிய கணினி மொழி இடம்பெற்றது.

பின்னர் 2020 மார்ச்சில் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பு கைப்பேசித் திரைக்குப் போயிற்று. வீட்டில் இருந்ததோ ஒரே கைப்பேசி; அதுவும் வேலைக்குப் போகும் தகப்பனோடு போய்விடும். முப்பதாண்டுகளுக்கு முன் ஒரு பொறியைப் பத்துப் பேர் எட்டிப் பார்த்த நிலை, ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட நிலையாக மீண்டும் வந்தது.

வரலாறு கற்பிப்பது

அன்பார்ந்த பங்கு மக்களே! இத்தனை ஆண்டு வரலாற்றையும் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை துலங்கும். பொறி ஆண்டுக்கு ஆண்டு மலிந்தது. ஆனால் அது மலிந்ததால் மட்டும் எளியவன் பிள்ளைக்கு இருக்கை கிடைத்துவிடவில்லை. யாரோ ஒருவர் முன்வந்து இருக்கையைக் காட்டிய போதெல்லாம் அப்பிள்ளை கற்றது. சில வேளை அது அரசு. சில வேளை ஓர் ஆசிரியர். சில வேளை ஒரு கன்னியர் மடம். பொறி, ஆசிரியர், மொழி, இருக்கை ஆகிய நான்கும் கூடினால்தான் அது கல்வி. ஒன்று குறைந்தாலும் பெட்டி பெட்டியாகவே இருக்கும்.

இன்று செயற்கை நுண்ணறிவு என்ற அடுத்த கதவு திறக்கிறது. அதன் வாசலில் நம் பிள்ளைகள் எத்தனை ஆண்டு காத்து நிற்கப் போகிறார்கள்? இக்கேள்விக்கு விடையளிப்பதில் நமக்கும் பங்குண்டு. பத்தாம் வகுப்பு முடிவு வரும் மாதத்தில், கட்டணத்துக்கு அஞ்சிப் பிரிவை மாற்றும் பிள்ளை நம் அன்பியத்தில் உண்டா என்று விசாரிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியரும், கணினித் துறையில் பணிபுரியும் நம் இளைஞரும் வாரம் இரு மாலை பங்கு மன்றத்தில் அமர்ந்து கற்பிக்கலாம். இருட்டிய பின் பெண்பிள்ளையை அனுப்ப அஞ்சும் தாய்க்கு, கோவில் வளாகம் அச்சம் தராத இடம் அல்லவா? பிற சமயத்துப் பிள்ளைகளும் வரட்டும். அறிவுக்கு ஞானஸ்நானப் பதிவேடு கேட்பாரில்லை.

பழைய ஏற்பாட்டு மக்கள் ஐம்பதாம் ஆண்டை யூபிலியாகக் கொண்டாடியபோது, வறுமையால் நிலத்தை இழந்தவனுக்கு அந்நிலம் திரும்பக் கிடைத்தது. பங்கின் யூபிலியைக் கொடியேற்றியும் விருந்து வைத்தும் கொண்டாடுகிறோம். அத்தோடு, கட்டணத்தால் இருக்கையை இழந்த ஒரு பிள்ளைக்கு அந்த இருக்கையைத் திரும்பத் தருவோமானால், நம் யூபிலி பெயரளவில் நில்லாமல் பொருளுடையதாகும்.