யோக சாதனமும் இயற்கை வாழ்வும்: சேலம், நாமக்கல் சமவெளி

வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கொல்லிமலையும், மேற்கிலும் தெற்கிலும் காவிரியாறும் சூழ, நடுவே கஞ்சமலை, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் முதலிய குன்றுகள் ஆங்காங்கே தலைதூக்கி நிற்கும் செம்மண் பூமியே சேலம், நாமக்கல் சமவெளி எனப்படுவது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இது முழுவதும் சேலம் மாவட்டமாகவே இருந்தது. வாழ்வின் இன்னல்களுக்கிடையே சித்தம் கலங்காதிருக்கும் பொருட்டு இம்மக்கள் பரம்பரையாகக் கைக்கொண்டு வந்த உணவு, நீராடல், விரதம், மூச்சுப் பயிற்சி, தியானம் ஆகியவையும், பிற்காலத்தில் அமைப்பு ரீதியாக இங்கே பரவிய யோகப் பயிற்சிகளும் இக்கட்டுரையில் விவரிக்கப்படுகின்றன. யோகம் என்றவுடன் இல்லறத்தைத் துறந்து வனம் புகுந்த முனிவரின் உருவமே பலருக்கு நினைவு வரும். ஆயினும், இந்நிலப்பகுதியின் சரித்திரத்தைக் கூர்ந்து நோக்குவோருக்கு, சித்தர்கள் மலையில் கண்டதைத் தறியிலும் வயலிலும் உழைக்கும் சம்சாரிகள் தங்கள் வாழ்வுக்கு ஏற்றபடி இறக்கிக்கொண்டமையே இதன் விசேஷம் என்பது விளங்கும்.

இங்கு ஜீவனோபாயத்தின் இயல்பே மனக்கவலையை வளர்ப்பதாக உள்ளது. கிணற்றை நம்பிய வெள்ளாமை ஒருபுறம்; மேட்டூர் அணை 1934-இல் நிறைவுபெற்ற பின்னும் அதன் நீர் எட்டாத மேட்டு நிலங்களே அதிகம். மறுபுறம், நாமக்கல்லின் லாரித் தொழில், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில், முட்டைக் கோழிப் பண்ணை, சேலத்தின் ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, அம்மாப்பேட்டை, இளம்பிள்ளை முதலிய ஊர்களின் நெசவு என யாவும் கடன் வாங்கி முதலிட்டு, விலையைத் தம் கையில் வைத்திராத தொழில்கள். முட்டையின் விலை வேறொரு மேசையில் நிச்சயிக்கப்படுகிறது. மரவள்ளிக் கிழங்கின் விலை ஆலையின் வாயிலில் தெரிகிறது. ரிக் வண்டியோடு வடக்கே போனவன் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. லாரி ஓட்டுநருக்கு இரவும் பகலும் ஒன்றே. இத்தகைய வாழ்வில் மனம் அமைதியாயிருக்க வேண்டும் என்று உபதேசிப்பது எளிது. அதற்கு உரிய வழி நாள்தோறும் உழைப்பின் இடையே கடைப்பிடிக்கத்தக்கதாக இருந்தாலன்றி, அவ்வுபதேசத்தால் எவருக்கும் பயன் இராது.

சேலம் நகரத்திற்குத் தென்மேற்கே, இரும்புத் தாது செறிந்த கஞ்சமலையின் அடிவாரத்தில் உள்ள சித்தர் கோயில் இம்மரபின் தொன்மையான இருப்பிடம். அங்கு வழங்கும் தலவரலாறு இது: வயது முதிர்ந்த குரு ஒருவரும் அவருடைய சீடரும் மூலிகை நாடி இம்மலைக்கு வந்தனர், சோறு சமைத்த சீடர், அகப்பை இல்லாமையால் அருகில் கிடந்த செடியின் தண்டு ஒன்றால் கிளறவே சோறு கறுத்துப்போயிற்று, குருவுக்கு அஞ்சி அதைத் தாமே உண்டுவிட, மறுகணம் இளமை எய்தினார், நிகழ்ந்ததை அறிந்த குருவும் அவ்வுணவைப் பெற்று உண்டு இளமையடைந்தார். குருவைத் திருமூலர் என்றும் சீடரைக் காலாங்கிநாதர் என்றும் கூறுவர். அமாவாசை தோறும் இங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. சருமப் பிணியும் மருவும் நீங்க வேண்டுவோர் உப்பும் மிளகும் வாங்கி இட்டு வழிபடுகின்றனர். இளமை தரும் அம்மூலிகையைத் தேடி மலையேறுவோர் இன்றும் உண்டு. எனினும், திருமூலருடைய பெயரைத் தாங்கிய திருமந்திரம் என்னும் பெருநூல், உடம்பைப் பேணுதலை மூலிகை ஒன்றில் மட்டும் வைக்கவில்லை என்பதை அவர்கள் கருதுவது நன்று. அதன் மூன்றாம் தந்திரம் இயமம், நியமம் முதல் சமாதி ஈறாக அட்டாங்க யோகத்தை முறையாக விரித்துரைக்கிறது. பிராணாயாமத்துக்கு மூச்சை உள்ளிழுத்தல் 16, நிறுத்தல் 64, வெளிவிடுதல் 32 என மாத்திரைக் கணக்கும் வகுத்திருக்கிறது. அக்கணக்கு நெடுநாள் பயின்றோருக்கு உரியது. ஆரம்ப நிலையில் உள்ளவர் குருவின்றி மூச்சை அடக்க முயல்வது தீங்காய் முடியும்.

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையினால் வெளியூராருக்கு அறிமுகமானது. கோரக்கர், காலாங்கிநாதர் பெயரால் வழங்கும் குகைகள், அறப்பளீசுவரர் கோயில், அதனருகே ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சென்று அடையும் ஆகாயகங்கை அருவி ஆகியவற்றால் சித்தர் நெறியாருக்கு இது புனித பூமி. பாறைகளிலும் மரங்களிலும் பற்றி வளரும் பெரணி வகையைச் சார்ந்த முடவாட்டுக்கால் என்னும் கிழங்கு, வெளிப்புறம் ஆட்டுக்காலைப் போல் உரோமம் அடர்ந்திருக்கும். மேல்தோலைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துக் காய்ச்சிய அதன் சாற்றை மூட்டுவலிக்கென மலைப்பாதை ஓரங்களில் சூடாக விற்கிறார்கள். ஏறி இறங்கிக் களைத்தவருக்கு அது இதமளிப்பது பிரத்தியட்சம். ஆனால் நாட்பட்ட வாத நோயை அதுவே தீர்க்கும் என்ற விற்பனையாளரின் வாக்கை அப்படியே கொள்வதற்கில்லை. மலைவாழ் மக்களின் ஆரோக்கியத்துக்கு இக்கிழங்கைவிட அவர்கள் நெடுங்காலம் உண்டுவந்த சாமை, தினை, கேழ்வரகு ஆகிய சிறுதானியங்களும், நாள்முழுதும் ஏற்ற இறக்கங்களில் நடக்கும் நடையும் காரணம் எனக் கொள்வதே பொருத்தம். அத்தானியங்களை மறுபடியும் சாகுபடிக்குக் கொணர எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே பல்லாண்டு பணியாற்றி வந்திருக்கிறது.

சமவெளியின் இயற்கை வாழ்வு அடுப்பங்கரையில் தொடங்குவது. கம்பும் சோளமும் கேழ்வரகுமே முந்திய தலைமுறைகளின் அன்றாட உணவு; அரிசிச் சோறு விசேஷ நாட்களுக்கு உரியதாயிருந்தது. கம்பைச் சிறிது நீர் தெளித்து உரலில் இட்டு இடித்து, முறத்தில் புடைத்து உமி நீக்கி, மீண்டும் இடித்துக் குருணையாக்கி, மாலையில் உலையிலிட்டுக் கட்டி விழாமல் துடுப்பால் கிளறி இறக்குவார்கள். ஆறியதை உருண்டை பிடித்து இரவு முழுவதும் மண்பானை நீரில் ஊறவிட்டு, விடியற்காலையில் கையால் கரைத்து, மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் கடித்துக்கொண்டு வெயிலுக்கு முன் அருந்திக் காட்டுக்குச் செல்வார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இக்கூழ் உடலின் வெப்பத்தைத் தணிப்பதோடு, மெல்லச் செரித்து நண்பகல்வரை பசி தாங்கச் செய்யும். பசி முற்றி எழும் எரிச்சலும் படபடப்பும் குணக்கேடு என்றே எண்ணப்படுவதுண்டு; அவற்றுள் பாதி வெறும் வயிற்றில் தேநீர் மேல் தேநீராகக் குடிப்பதன் விளைவு என்பதைக் கூழை விட்ட தலைமுறை உணர வேண்டும். கொள்ளுப் பருப்பும் இரசமும், நுங்கு, இளநீர், நீர்மோர் ஆகியவையும் இவ்வரிசையில் சேர்ந்தவை.

நீராடலும் அங்ஙனமே. ஆடவர் புதனும் சனியும், பெண்டிர் செவ்வாயும் வெள்ளியும் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் அல்லது அரப்பு இட்டு வெந்நீரில் முழுகுவது நெடுநாளைய வழக்கம். உச்சி முதல் உள்ளங்கால்வரை எண்ணெயை அழுத்தித் தேய்ப்பதால் இறுகிய தசைகள் இளகுகின்றன. அன்று பகலில் உறங்கலாகாது என்றும் மிதமாக உண்ண வேண்டும் என்றும் வைத்த விதிகள், வாரத்தில் ஒரு நாளையேனும் ஓய்வுக்கென ஒதுக்கிவைக்கும் ஏற்பாடாகவும் அமைந்தன. கொங்கு நாட்டுப் பெருங்கிணறுகளில் சிறுவர் முதல் முதியோர் வரை நீந்துவது, திருச்செங்கோட்டு மலைப்படிகளை அதிகாலையில் ஏறி அர்த்தநாரீசுவரரைத் தரிசிப்பது, பௌர்ணமியில் கிரிவலம் வருவது ஆகியவை தேகப்பயிற்சி என்ற பெயரின்றியே தேகப்பயிற்சியாயிருந்தன. கிணறுகள் வறண்டு ஆழ்துளைக் குழாய்கள் பெருகிய பின், நீச்சல் இப்பகுதியினின்று பெரிதும் மறைந்தது வருந்தத்தக்கது.

இவ்வொழுக்கங்களுக்குப் பெரும் பகையாயிருந்தது கள்ளும் சாராயமும். சேலத்தில் வழக்குரைஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கிய இராஜாஜி எனப்படும் சி. இராஜகோபாலாச்சாரியார், திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர் நூற்பையும் மதுவிலக்கையும் அதன் இரு கண்களாகக் கொண்டார். இங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குப் பத்திரிகையில் எழுத்தாளர் கல்கி அவருக்குத் துணையாகப் பணிபுரிந்தார். பின்னர் இராஜாஜி சென்னை மாகாண முதல்வரானபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கு முதன்முதல் சேலம் மாவட்டத்திலேயே அமலாயிற்று. கவலையை மறக்கக் குடிப்பவன் மறுநாள் அதே கவலையோடு கடனையும் சேர்த்துச் சுமக்கிறான் என்பதை இச்சமவெளியின் குடும்பங்கள் அனுபவத்தால் அறிந்தவை. ஆதலால், மன அமைதியைப் பற்றிய எந்த வரலாறும் இவ்வியக்கத்தை விட்டு எழுதப்படுவது முறையாகாது.

அமைப்பு ரீதியான யோகப் பயிற்சிகளுள் இப்பகுதியில் ஆழ வேரூன்றியது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை. 1911-இல் கூடுவாஞ்சேரியில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உழைத்து, கைத்தறித் தொழிலை நடத்தி, இலாபமும் பெருநட்டமும் கண்டவர் அவர்; 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார்; 1984-இல் பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் அறிவுத்திருக்கோயிலை நிறுவினார்; 2006-இல் மறைந்தார். நெசவாளர் நிறைந்த சேலம், நாமக்கல், ஈரோடு வட்டாரங்களில் அவருடைய போதனை எளிதில் ஏற்கப்பட்டதற்கு அவரும் தறியறிந்த சம்சாரி என்பது ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. இன்று சிறுநகரங்களிலும் மனவளக்கலை மன்றங்கள் உள்ளன. ‘வாழ்க வளமுடன்’ என்னும் வாழ்த்து வாகனங்களின் கண்ணாடியிலும் கடைகளின் முகப்பிலும் காணப்படுகிறது.

இம்முறையின் எளிய உடற்பயிற்சிகள் முதியோரும் செய்யத்தக்கவை. குழித்தறியில் பள்ளத்துள் கால்களை விட்டு, மிதியை மாறி மாறி மிதித்து, நாடாவின் கயிற்றை இடைவிடாது இழுத்து, நூலறுகிறதா என்று குனிந்து நோக்கியபடியே நாளைக் கழிப்பவனுக்குத் தோளும் கழுத்தும் இடுப்பும் கட்டையாகிவிடும். அவன் மல்லாந்து படுத்துக் கைகளைத் தோளுக்கு நேரே விரித்து, ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்து, உடலை ஒரு புறமும் தலையை எதிர்ப்புறமுமாகத் திருப்பும் மகராசனத்தைச் செய்கையில், முதுகெலும்பு முழுவதும் மெல்ல முறுக்கப்பட்டு இறுக்கம் அவிழ்கிறது. கடைசியில் வரும் உடல் தளர்த்தலில், கால்விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாக நினைந்து தளரவிட வேண்டும். இதனுடன் சேர்ந்த மெதுவான மூச்சின் பயன் உடற்கூற்று முறையிலும் விளக்கப்படுகிறது: மூச்சு உள்ளே செல்லும்போது இதயத்துடிப்பு சற்றே விரைகிறது, வெளியேறும்போது வேகஸ் என்னும் நரம்பின் செயலால் தாழ்கிறது, ஆகவே நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை ஓடும் மூச்சை ஆறு அளவுக்குக் குறைத்து, வெளிமூச்சை நீட்டுகிறவனுக்குப் படபடப்பு அடங்குகிறது.

ஆயினும் உடற்பயிற்சியைக் காட்டிலும், தியானத்தோடு இணைத்து வேதாத்திரி மகரிஷி வகுத்த அகத்தாய்வே இவ்வட்டாரத்து மக்களுக்கு அதிகம் உதவியது என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்னும் வினா ஆகியவை அதன் படிகள். ஆசையை அறுத்தெறியும்படி அவர் கூறவில்லை, சீரமைக்கும்படியே கூறினார், பெண்ணுக்கு மணமும் பையனுக்குப் படிப்பும் நாடுகின்ற இல்லறத்தான் ஏற்கத்தக்க வழி இதுவே. கவலையையோ, அவர் தாளில் எழுதி நான்காகப் பகுக்கச் சொன்னார்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. மாசி மாதத்தில் கிணறு வற்றிய குடியானவன் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். மழையின்மை அனுபவித்தே தீர வேண்டியது. மாடி கட்டும் எண்ணம் தள்ளிப்போட வேண்டியது. பங்காளியின் ஏளனப் பேச்சு அலட்சியம் செய்ய வேண்டியது. கூட்டுறவுச் சங்கத்தில் கெடு முடியுமுன் கடனைப் புதுப்பிப்பது உடனே தீர்க்க வேண்டியது. நான்கும் ஒன்றாய்த் திரண்டு மார்பை அடைக்கும்போது அவனால் ஒன்றும் செய்ய இயலாதிருந்தது. பிரித்து எழுதிய பின், மறுநாள் காலை சங்கத்துக்குப் புறப்பட வேண்டும் என்பது மட்டும் எஞ்சி நிற்கும். சினத்துக்கும், யார் யார் மீது அடிக்கடி சினம் எழுகிறது என்று பட்டியலிட்டு, அமைதியான வேளையில் அவர்களை நினைத்து வாழ்த்தும் அப்பியாசம் விதிக்கப்பட்டிருக்கிறது. மாமியாரும் மருமகளும், முதலாளியும் ஓட்டுநரும் இதைப் பயிலத் தொடங்கினால் முதல் வாரத்தில் நகைப்பும் பின்னர் நிதானமும் பிறக்கும்.

பக்தி மார்க்கத்தில் நாட்டமுடையோருக்குச் சேந்தமங்கலத்தில் சுயம்பிரகாச அவதூத சுவாமிகள் வாழ்ந்த தத்தாத்திரேயர் குன்றும், அவருடைய சீடர் சாந்தானந்த சுவாமிகள் சேலம் உடையாப்பட்டியில் அமைத்த ஸ்கந்தாசிரமமும் தியானத்துக்கு உகந்த தலங்கள்.

மருத்துவத் துறையிலும் யோகக் கலைக்கு இடம் கிடைத்துள்ளது. ஐந்தரை ஆண்டுகள் பயிலும் இயற்கை மருத்துவ, யோக அறிவியல் பட்டப்படிப்புக்கென அரசுக் கல்லூரி ஒன்று சென்னை அரும்பாக்கத்தில் 2000-இல் தொடங்கப்பட்டது. அத்தகைய பட்டதாரிகள் அரசு மருத்துவமனைகளின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகளில் இலவசமாகப் பயிற்சி அளிக்கின்றனர். மண் சிகிச்சை, நீர்ச் சிகிச்சை, உணவு முறை ஆகியவை அங்கே கையாளப்படுகின்றன. இரத்தக் கொதிப்பு, இதய நோய், குடல் இறக்கம் உடையோரும், கர்ப்பிணிகளும், கபாலபதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளை மருத்துவரைக் கேளாது செய்யலாகாது. நீரிழிவுக்கு மருந்துண்போர் கூழையும் கிழங்குச் சாற்றையும் நம்பி மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். உறக்கமின்மை, எதிலும் பற்றின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது பயிற்சியால் மட்டும் தீர்வதன்று. உயிரை மாய்க்கும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உள்ளனர். 104 என்னும் அரசு சுகாதாரத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.