பழவேற்காட்டின் பாடு முறை

பழவேற்காடு ஏரியில் மீன்பிடி உரிமையை முறைவைத்துப் பங்கிடும் வழக்கத்துக்குப் பாடு என்று பெயர். ஏரியின் தென்பகுதியில், முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில்தான் இறால் மிகுதி. அங்கே கம்பு ஊன்றி வலை கட்டத் தோதான இடங்களோ சில. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய, பட்டினவர் என்னும் மீனவச் சாதியின் ஊர்கள் அந்த இடங்களைத் தங்களுக்குள் சுழற்சியாகப் பிரித்துக்கொண்டன. ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டு தீர்மானித்தது. மீறியவருக்குத் தண்டம் விதிப்பது மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்து.

சீட்டில் பெயர் சேர்க்கத் தலைக்கட்டில் இடம் வேண்டும். ஊரைச் சேர்ந்த பட்டினவர் ஆண், மணமானபின் தலைக்கட்டு ஆகிறார். ஊர் வரி கட்டுகிறார். பாட்டில் பங்கு பெறுகிறார். சீட்டுக்கு முன்பே தகுதி பார்த்து வடிகட்டும் இந்த ஏற்பாடு புதிதல்ல. இதே தொண்டை மண்டலத்தில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும், ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையிலும் அதிர்ஷ்டம் வேலை செய்தது கடைசியில்தான். சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேத அறிவு என்று சலித்தெடுத்த பிறகே பெயர்கள் குடத்துக்குள் விழுந்தன. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலை மீனவர் சங்கங்கள் இடங்களைச் சீட்டு முறையில் ஒதுக்குகின்றன. அங்கும் உறுப்பினராகும் உரிமை தந்தைவழி வருவது.

குலுக்கல் நேர்மையானதுதான், குடத்துக்குள் இருப்பவர்களுக்கு. பழவேற்காட்டில் பெண்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், தலித் மீனவருக்கும் அதில் பெயரில்லை. இறால் ஏற்றுமதிப் பண்டமாகி விலை ஏறியதும் இந்த விலக்கு கசப்பாயிற்று. பாடு இல்லாத ஊர்களும் இறாலை நாடி ஏரியில் இறங்கின, பூசல்கள் மூண்டன. பாடுகாரர் பரம்பரை வழக்கத்தைக் காட்டினர். மற்றவர்கள் ஏரி பொதுச் சொத்து என்றனர். இரண்டுமே பொய்யல்ல என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலைச் சட்டமும் அவிழ்க்கவில்லை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் ஊராட்சியில் இடம் ஒதுக்கியது. ஆனால் அந்த ஊராட்சியின் கையில் இருப்பவை குடிநீர், தெருவிளக்கு, சாலை போன்றவை. பாட்டை வகுக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வாக்குச்சீட்டும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.