சாதக யோகங்கள்: பெயர்கள் கூறும் வரலாறு



பிள்ளையின் சாதகக் குறிப்பைக் கையிலெடுத்த சாத்திரியார், “இதற்குக் கெசகேசரி யோகம் உண்டு” என்று ஒரு சொற் கூறிவிட்டால் அவ்வீட்டில் எழும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. வன்னிப் பெருநிலத்தில், எமது கனகராயன்குளம் போன்ற ஊர்களில், இம்மகிழ்ச்சிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1990களிலும், பின்னர் 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் போரினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, காணி உறுதிகளோடு பிள்ளைகளின் குறிப்புகளையும் இழந்தன. பிறந்த தேதியைப் பாடசாலைப் பதிவேட்டிலேனும் தேடிப் பெறலாம்; பதுங்குகுழியிற் பிறந்த குழந்தையின் நாழிகையை எந்தக் கந்தோரிற் பெறுவது? மணப்பேச்சு எழும்போது, குறிப்பில்லாத பிள்ளைக்கு யோகமும் இல்லை என்பதுபோலப் பேசுவோர் உளர். ஆதலால் இந்த யோகங்கள் எங்கிருந்து வந்தன என்று ஆராய்வது வெறும் ஏட்டாராய்ச்சி அன்று.

வேதத்தின் அங்கங்களுள் ஒன்றாகிய பழைய சோதிட நூல் வேள்விக்குரிய காலத்தைக் கணிப்பது. அதில் நாண்மீன்கள் உண்டு. திங்களின் வளர்வு தேய்வு உண்டு. பிறப்புச் சாதகம் இல்லை. நம் அகநானூற்றிலே வரும் திருமணத்தை நோக்குங்கள். திங்கள் உரோகிணியைக் கூடிய நல்ல நாளில் மணம் நிகழ்கின்றது. அங்கே இலக்கினமும் கேந்திரமும் பேசப்படவில்லை.

கேந்திரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் இடங்களைக் குறிக்கும் இச்சொல், ‘கெந்துரோன்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. சந்திரனுக்கு இரண்டாம் இடத்திற் சூரியனல்லாத கோளொன்று நின்றால் சுனபா யோகம்; பன்னிரண்டில் நின்றால் அனபா; இரு பக்கமும் நின்றால் துருதுரா; ஒரு பக்கமும் இல்லையேற் கேமத்துருமம் என்பர். வடமொழியில் இவற்றுக்கு வேர் தேடி இடர்ப்பட வேண்டியதில்லை. துருதுரா என்பது ‘தொருபோரியா’, அதாவது ஈட்டி ஏந்திய மெய்க்காவலர் சூழ்ந்து செல்லுதல். திங்களரசனுக்கு முன்னும் பின்னும் காவலர்! கேமத்துருமமோ ‘கேனொதுரோமியா’, துணையின்றி வெறுமையில் ஓடுதல். எத்துணை அழகான கற்பனை! ‘கேமத்துருமம் உள்ள சாதகம்’ என்று கேட்டு நடுங்கும் தாய்மார், தாம் ஒரு கிரேக்க உவமைக்கு அஞ்சுவதை அறியார்.

இது எவ்வாறு வந்தது? யவனர் கப்பல்கள் மேலைக் கடற்றுறைகளுக்கு வந்து சென்ற காலத்தில், பண்டங்களோடு அறிவும் வந்தது. யவன ஜாதகம் என்னும் வடமொழி நூலைப் பிங்கிரி என்னும் அமெரிக்க அறிஞர் 1978இற் பதிப்பித்தார். அவர் அதற்குக் குறித்த காலத்தைப் பின்வந்தோர் ஐயுற்றாலும், அதன் பொருள் கிரேக்கத் தொடர்புடையது என்பதில் ஐயமில்லை. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் இக்கடனை மறைக்கவில்லை. யவனரிடம் இக்கலை நன்கு நிலைபெற்றிருத்தலால் அவரும் முனிவரைப்போல மதிக்கத்தக்கவரே என்னும் கருத்தைத் தம் நூலில் எடுத்தாண்டார். இன்று ‘வேத சோதிடம்’ என்று பெருமை பேசுவோரினும் அவர் நெஞ்சு அகன்றது என்பேன்.

ஈழத்திலும் இக்கலை எல்லை பார்த்து நிற்கவில்லை. ஈழத்தில் எழுந்து இன்று நமக்குக் கிடைக்கும் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கொள்ளப்படும் சரசோதிமாலை, ஒரு சோதிட நூலே. போசராச பண்டிதர் இயற்றிய இந்நூல் 1310ஆம் ஆண்டில், தம்பதெனியாவிலே, பராக்கிரமபாகு என்னும் சிங்கள மன்னனின் அவையில் அரங்கேறியது. பௌத்த மன்னன் அவையில் தமிழ்ச் செய்யுள். அச்செய்யுளுக்குள் வடமொழிச் சாத்திரம். அச்சாத்திரத்துக்குள் யவனர் சொல்! பின்னர் யாழ்ப்பாணத்தில் அராலி இராமலிங்க முனிவர் 1667இல் வாக்கிய பஞ்சாங்கத்தைத் தொடங்கினார் என்பது வழக்கு. குறிப்பெழுதும் பழக்கம் வீடுதோறும் பரவப் பஞ்சாங்கம் பெரிதும் உதவிற்று.

இனிக் கெசகேசரிக்கு வருவோம். சந்திரனுக்குக் கேந்திரத்தில் வியாழன் நிற்பதே இந்த யோகம். பன்னிரண்டு இராசிகளுள் நான்கு கேந்திரமானால், கணக்கு எளிது. சந்திரன் இராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 27 நாள் ஆகும். அவற்றுள் ஒன்பது நாள் இந்த யோகம் நிற்கும். பிறக்கும் பிள்ளைகளில் மூவருள் ஒருவருக்கு இது வாய்க்கும். வியாழன் நீசமாகாமலும் சூரியனோடு நெருங்கி மறையாமலும் இருத்தல் வேண்டும் என்று நூல்கள் விதித்து, இத்தொகையைச் சிறிது குறைக்கும். அவ்வளவே. என் முன்னால் முப்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் ஏறக்குறையப் பத்து யானைச் சிங்கங்கள் உண்டு!

அம்சம், சசம் முதலிய ஐந்து மகாபுருட யோகங்களை இலக்கினத்திலிருந்து எண்ணுவதே பெருவழக்கு. இலக்கினம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இராசி மாறுவதால், அவற்றுக்கு நாழிகை இன்றியமையாதது. ஆனால் கெசகேசரியும் சுனபாவும் அனபாவும் துருதுராவும் சந்திரனிலிருந்து எண்ணப்படுபவை. சந்திரன் ஓர் இராசியில் இரண்டேகால் நாள் தங்குவான். ஆகவே அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தை விரித்தால், தேதி ஒன்றே பெரும்பாலும் போதும். அன்றைக்கே சந்திரன் இராசி மாறியிருந்தால் மட்டும் முற்பகலா பிற்பகலா என்று தாயைக் கேட்க வேண்டும். அதனைத் தாய் மறந்திருக்க மாட்டாள்.