பரவளையத் திண்மமும் இப்னுல் ஹைஸமின் நிறுவலும்

முஸ்லிம்களின் கணித வரலாற்றைப் பேசுவோரிடையே இருவேறு கூற்றுகள் வழங்கி வருகின்றன. அரபு நூலோர் கிரேக்க நூல்களைப் பாதுகாத்துக் கொடுத்ததற்கு மேல் எதுவும் செய்யவில்லை என்பது ஒன்று. நுண்கணிதத்தையே முஸ்லிம்கள் கண்டுபிடித்துவிட்டனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு நிறுவலைக் கொண்டு நாம் உரசிப் பார்க்கலாம்.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய ஸாபித் இப்னு குர்ரா, ஹர்ரானைச் சேர்ந்த ஸாபியீ சமயத்தவர். பரவளையத்தை அதன் அச்சைப் பற்றிச் சுழற்றினால் உருவாகும் திண்மம், அதைச் சூழும் உருளையில் சரிபாதி என அவர் நிறுவினார். பஸராவில் 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், இதனினும் கடினமான வினாவை எடுத்துக்கொண்டார். அச்சுக்குச் செங்குத்தான அடிக்கோட்டைப் பற்றிச் சுழற்றினால் திண்மத்தின் அளவு யாது? உருளையில் 15இல் 8 பங்கு என்பது அவர் கண்ட விடை.

திண்மத்தை அவர் சம தடிப்புள்ள துண்டுகளாக வகுத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே அடங்கும் வட்டத் தகடு ஒன்று; வெளியே சூழும் தகடு ஒன்று. உள்தகடுகளின் கூட்டுத்தொகை திண்மத்தினும் சிறிது. வெளித்தகடுகளின் கூட்டுத்தொகை பெரிது. குறுக்குவெட்டின் பரப்பு எவ்விடத்தும் குறை எண் ஆவதில்லை. ஓரம் நோக்கிச் சிறுத்துக்கொண்டே செல்கிறது. ஆதலின் இரு தொகைகளின் வேறுபாடு மிகப் பெரிய ஒரு தகட்டின் அளவே ஆகும். தடிப்பை மேலும் மேலும் பாதியாக்கினால் அவ்வேறுபாடு நாம் குறிப்பிடும் எந்த அளவினும் சிறியதாகிவிடும். 15இல் 8 என்னும் அளவோ எப்போதும் அவ்விரு தொகைகளுக்கு இடையிலேயே நிற்கிறது. எனவே திண்மம் அதனினும் பெரிது என்றாலும் சிறிது என்றாலும் முரண்பாடே எஞ்சும். இதைக் காட்ட எண்களின் நான்காம் படிகளைக் கூட்டும் விதி வேண்டியிருந்தது. அவ்விதியையும் அவரே நிறுவினார்.

தொடர்ச்சியான சார்புகளுக்குப் பொதுவான தொகையீட்டு வரையறையைப் பிரெஞ்சு அறிஞர் கோஷி 1823இல் வெளியிட்டார். இப்னுல் ஹைஸமிடம் சார்பு என்னும் கருத்து இல்லை. ஒவ்வொரு திண்மத்திற்கும் தனித்தனி நிறுவல் தேவைப்பட்டது. ஆகவே நுண்கணிதத்தை அவர் கண்டுபிடித்தார் என்பது மிகை. ஸாபித் தம் நூலில் தொடாத திண்மத்தைப் புதிய விதியொன்றின் துணையால் அளந்தவரை நூற்காவலர் என்று மட்டும் கூறுவது அநீதி. அளக்கும்போது நிறைவாக அளக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கிறது. அறிஞர்களின் பங்கை அளப்பதற்கும் அக்கட்டளை பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.