மார்ஷல்சீ மதிலடியில்

லண்டன் பிறிட்ஜ் பக்கம் வேலை செய்த காலத்தில், மத்தியானச் சமையல் முடிந்தால் சென் ஜோர்ஜ் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பழைய செங்கல் மதிலடிக்குப் போவேன். சிகரட் பிடிக்கத்தான். அது மார்ஷல்சீ சிறையின் மதில் என்று தெரியவர ஒரு வருசம் ஆனது. பெரும்பாலும் கடன்காரரைப் பூட்டிவைத்த சிறை அது.

1824 பெப்ரவரியில் ஜோன் டிக்கன்ஸ் என்ற கிளாக்கர் இதற்குள் போனார். பாண்கடைக்காரருக்கு 40 பவுணும் 10 சிலிங்கும் கடன். மனைவியும் சின்னப்பிள்ளைகளும் கூடவே உள்ளே போய் இருந்தார்கள். 12 வயது மகன் வெளியில் தனிய நின்று, சப்பாத்துப் பொலிஷ் போத்தல்களுக்கு லேபல் ஒட்டினான். பிறகு எழுத்தாளர் ஆன சார்ல்ஸ் டிக்கன்ஸ்தான் அந்தப் பெடியன்.

எனக்கு விளங்காத விசயம் ஒன்று இருந்தது. பூட்டிவைத்தால் அவன் எப்படி உழைத்துக் கட்டுவான்? அதோடு உள்ளே இருப்பதற்கும் வாடகை கட்டவேண்டும்! ஆனால் அதே நாட்டில், 1705ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வங்குரோத்தான வியாபாரி இருந்ததை ஒப்படைத்துவிட்டு மிச்சக் கடனில் இருந்து விடுபடலாம். வியாபாரிக்கு மட்டும். சாதாரண சனத்துக்கு அந்த வழி 1861இல்தான் திறந்தது. 1869இல் கடனுக்காகச் சிறை வைப்பதைப் பெருமளவில் நிறுத்தினார்கள். மார்ஷல்சீ அதற்கு முன்னரே, 1842இல், மூடப்பட்டுவிட்டது.

எங்கள் ஊரில் ஐயா ஒரு துண்டுக் காணியை ஒற்றி வைத்திருந்தார். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலேயே இந்த ஒற்றி இருக்கிறது. காசு தந்தவர் காணியின் விளைச்சலை எடுப்பார், அதுதான் வட்டி. முதல் குட்டி போடாது. கிரெடிட் காட் அப்படி இல்லை என்பதை நான் இங்கே வந்துதான் படித்தேன்.

2009இல் செட்டிக்குளம் முகாமில் இருந்த சொந்தங்களுக்காக மூன்று காட்டிலும் காசு எடுத்தேன். சீட்டையும் கழித்து எடுத்தேன். 2012இல் மொத்தம் 13,000 பவுண்ஸ். ஒரு கம்பனி போன் எடுத்து, ஐ.வி.ஏ. போடுங்கோ, ஐந்து வருசத்தில் எல்லாம் முடியும் என்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. கடன் தந்தவர்களில், பெறுமதிப்படி 75 வீதமானோர் சம்மதித்தால் எல்லாரையும் கட்டுப்படுத்தும். மாதம் 80 பவுண்ஸ் கட்டினேன், அதையும் கூட வேலை செய்தவரிடம் மாறித்தான். முதல் வருசக் காசில் பெரும்பங்கு அவர்களின் கட்டணத்துக்கே போனது. இரண்டாம் வருசம் வேலைநேரம் குறைய அது முறிந்தது. கடன் திரும்பி வந்து நின்றது.

என்னைப் போன்றவனுக்கென்றே 2009 ஏப்ரலில் டி.ஆர்.ஓ. வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வீடு இல்லாத, மாதமுடிவில் கையில் ஒன்றும் மிஞ்சாத ஆட்களுக்கு அது. ஒரு வருசம் யாரும் கேட்க முடியாது, பிறகு கடன் அழியும். கடன் பதிவில் ஆறு வருசம் கிடக்கும். கோட் அபராதம், மாணவர் கடன் போன்றவை அழியாது. அப்போது 15,000 பவுண்ஸ் வரைக்கும்தான், 90 பவுண்ஸ் கட்டணம். 2024 ஏப்ரலில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், அதே வருசம் ஜூனில் எல்லையை 50,000 ஆக்கினார்கள். இங்கிலாந்து, வேல்சுக்குத்தான் இந்தக் கணக்கு. ஸ்கொட்லாந்தில் இருக்கிறவர்கள் அங்கத்தைய சட்டத்தைப் பாருங்கோ. சிற்றிசன்ஸ் அட்வைசில் இலவசமாகக் கேட்கலாம். போனில் வருகிறவனுக்கு மட்டும் உடனே தலையாட்டாதேங்கோ.

2014இல் ஆலோசகரோடு இருந்து படிவம் நிரப்பினேன். கடன் ஒன்றையும் ஒளிக்கக்கூடாது, கைமாற்றும் எழுதவேண்டும் என்றார். காட் கம்பனிகளின் பெயர்களைக் கூச்சம் இல்லாமல் சொன்னேன். சீட்டுத் தாச்சியின் பெயர் வந்தபோதுதான் வாய் வரவில்லை. எழுதிவிட்டு, கடிதம் போகமுதல் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி தந்தார். வருசம் முடிந்து எல்லாம் அழிந்தபிறகு, சட்டப்படி இல்லாத அந்தக் கடனை மாதம் 30 பவுண்ஸாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசித் தவணை 2019 தைப்பொங்கலுக்கு முதல் நாள்.