குளிர்ந்த நீரும் ஃபாலூதாவும்

மத்ரஸாவில் நம்மோடு ஓதிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஊருக்கு வந்திருந்தார். இப்போது வேறு மாவட்டத்தில் இமாமாகப் பணியாற்றுகிறார். இஷாத் தொழுகைக்குப் பின் பேருந்து நிலையத்தை அடுத்துள்ள உணவகம் ஒன்றுக்கு நம்மை அழைத்துச் சென்று, இரண்டு தட்டு கோழி நூடுல்ஸ், பிறகு இரண்டு ஃபாலூதா என்று நம்மைக் கேளாமலேயே சொல்லிவிட்டார். நாம் தயங்கினோம். கடைக்காரரை நன்கறிவோம், கோழியைப் பற்றியோ அதில் சேரும் சாறுகளைப் பற்றியோ ஐயம் ஏதும் இல்லை. வகுப்பில் நாம் முன்னர்ச் சொன்ன ஒரு சொல்லே தயக்கத்துக்குக் காரணம்.

நம் ஞாயிறு வகுப்பில் பத்து வயது மாணவர் ஒருவர் மதிய உணவாக நூடுல்ஸ் கொண்டு வந்திருந்தார். "இது நம் முன்னோர் அறியாத உணவு, மாற்றாரின் பழக்கம்" என்று எல்லோர் முன்னிலையிலும் கூறிவிட்டோம். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அமர்ந்து உண்பதைக் கண்டோம். கண்டும் வாளாவிருந்தோம்.

இதை நண்பரிடம் கூறியபோது அவர் சிரித்தார். "ஹஜ்ரத், நீங்கள் குளிர்ந்த நீர் அருந்துவதுண்டா?" என்று மட்டும் கேட்டார். கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது நமக்கு உடனே விளங்கிற்று, முகம் சிவந்தது.

ஹிஜ்ரி 110இல் மறைந்த இமாம் ஹஸன் அல்பஸரீ (ரஹ்) அவர்களிடம் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். அவர் ஃபாலூதஜ் என்னும் இனிப்பை உண்பதில்லை. அதற்குரிய நன்றியைத் தம்மால் செலுத்த இயலாது என்கிறார் என்றார்கள். அவர் குளிர்ந்த நீர் அருந்துகிறாரா என்று இமாம் வினவினார்கள். ஆம் என்றதும், அந்த மனிதர் அறியாதவர், ஃபாலூதஜில் உள்ளதைவிடக் குளிர்ந்த நீரில் அல்லாஹ்வின் அருட்கொடை பெரிது என்னும் கருத்தில் விடையளித்தார்கள். மற்றொரு விருந்தில் துறவு மனப்பான்மை கொண்ட ஃபர்கத் அஸ்ஸபகீ இத்தகைய உணவு வகைகளைக் கண்டு ஒதுங்கியபோது, தேனும் தூய கோதுமையும் நெய்யும் சேர்ந்ததில் ஒரு முஸ்லிம் குறை காண்பாரா என்று கேட்டார்கள். அல்லாஹ் ஆகுமாக்கிய நல்லவற்றை விலக்கிக்கொள்ளாதீர்கள் என்னும் கருத்துடைய அல்மாயிதா அத்தியாயத்தின் 87ஆம் வசனத்துக்கு விளக்கமாக ஸமக்ஷரீ போன்றோர் இச்செய்திகளைப் பதிந்துள்ளனர். நாமே பலமுறை பாடம் நடத்திய வசனம் அது.

இதில் நாம் கவனியாமல் விட்ட ஒன்று உண்டு. ஃபாலூதஜ் அரபியரின் உணவன்று, பாரசீகருடையது. பெயரே பாரசீக மொழியின் 'பாலூதே' என்பதிலிருந்து வந்தது. மக்காவில் அதை முதன்முதலாக மக்களுக்குப் படைத்தவர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்னும் குறைஷிச் செல்வந்தர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவர் இஸ்லாத்துக்கு முன் வாழ்ந்தவர். அநீதியிழைக்கப்பட்டோருக்குத் துணைநிற்பதாகக் குறைஷியர் செய்த 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கை நிறைவேறியதும் அவர் வீட்டில்தான். இளமைப் பருவத்து நபி (ஸல்) அவர்கள் அதில் பங்குகொண்டார்கள். அவருடைய விருந்தோம்பல் மறுமையில் பயன்தருமா என்று அன்னை ஆயிஷா (ரலி) கேட்டபோது, தன் பாவத்தை மன்னிக்குமாறு அவர் ஒருநாளும் இறைவனிடம் வேண்டவில்லையே என்று நபியவர்கள் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. படைத்தவரின் நிலை அது. பண்டமோ பஸரா வரை போய், இமாம்களின் விருந்துகளில் இடம்பெற்றது. அது எந்த நாட்டாருடையது என்ற கேள்வியை ஹஸன் அல்பஸரீ எழுப்பவே இல்லை.

அன்றைய ஃபாலூதஜ் கோதுமை மாவுச்சத்தும் தேனும் சேர்த்துக் கிளறிய அல்வாவைப் போன்றது. ஷீராஸ் நகரத்தில் அது மாவுச்சத்தின் மெல்லிய இழைகளாகி, பன்னீர்ப் பாகில் உறைந்தது. நம் துணைக்கண்டத்தில் பாலும் சப்ஜா விதையும் ரோஜா சர்பத்தும் கூடின. கண்ணாடிக் குவளையின் அடியில் கிடந்த சேமியாவைக் கரண்டியால் எடுத்துக் காட்டி, "இதுவும் நூடுல்ஸ்தானே?" என்றார் நண்பர்.

வீடு திரும்பியபின் நூல்களைப் புரட்டினோம். மாவை இழையாக்கி உண்ணும் கலையில் சீனர் மிகத் தொன்மையானவர், அதில் ஐயமில்லை. ஆனால் நம் முன்னோர் அறியாதது என்ற சொல்தான் நிற்கவில்லை. 1037இல் மறைந்த இப்னு ஸீனா தம் மருத்துவ நூலில் 'இத்ரிய்யா' என்ற மாவிழையைக் குறிப்பிட்டு, தம் நாட்டில் அதை 'ரிஷ்தா' என்பர் என்கிறார். பாரசீகத்தில் ரிஷ்தா என்றால் நூலிழை. 1226இல் பாக்தாதில் தொகுக்கப்பட்ட சமையல் நூலில் இறைச்சியும் கொண்டைக்கடலையும் சேர்த்து ரிஷ்தா சமைக்கும் முறை இருக்கிறது. ஸிஸிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரோஜர் மன்னருக்காக 1154இல் புவியியல் நூலை முடித்த அல்இத்ரீஸீ, பலெர்மோவுக்குக் கிழக்கே தர்பிஆ என்னும் ஊரைப் பற்றி எழுதுகிறார். அங்கே ஆறுகளும் ஆலைகளும் உண்டு. இத்ரிய்யா பெருமளவில் செய்யப்பட்டு, முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பல் கப்பலாகச் செல்கிறது என்கிறார். மதுரைக்கும் வந்துபோன இப்னு பதூதா, துருக்கியர் நாட்டில் ரிஷ்தாவைப் பாலோடு உண்பதைப் பதிந்திருக்கிறார். சீனத்து லான்ஜோ நகரின் புகழ்பெற்ற மாட்டிறைச்சி நூடுல்ஸ் இன்றும் ஹூய் முஸ்லிம்களின் கைவண்ணமே.

அவ்வளவு தொலைவு போவானேன்? பெருநாள் காலையில் சேமியா உண்டுவிட்டுத்தான் நாமும் ஈத்காவுக்குப் புறப்படுகிறோம். அந்த நினைவு அன்று வகுப்பில் நமக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை. நாள்தோறும் மைதா உண்ணலாகாது என்று சொல்லியிருந்தால் அது வேறு. அது உடல்நலத்துக்கான அறிவுரை. நாம் அதைச் சொல்லவில்லை. ஓர் அன்னை விடியற்காலையில் கட்டிக்கொடுத்த உணவை அயலாருடையது என்று பழித்தோம்.

அன்றிரவு பணம் கொடுக்கக் கைநீட்டியபோது நண்பர் நம் கையைத் தள்ளிவிட்டார். யார் யார் வீட்டில் உண்பது குற்றமில்லை என்று அந்நூர் அத்தியாயத்தில் இறைவன் எண்ணும்போது தந்தை, தாய், உடன்பிறந்தாரோடு நண்பரையும் சேர்த்தே சொல்கிறான் என்பதை நினைவூட்டினார். கடை வீடாகுமா என்று வாதிட நமக்குத் தோன்றியது. வயிறு நிறைந்திருந்ததால் விட்டுவிட்டோம்.

அடுத்த ஞாயிறன்று ஹஸன் அல்பஸரீயின் செய்தியை வகுப்பில் சொன்னோம். தர்பிஆ ஊரைக் கரும்பலகையில் வரைந்து காட்டி, அன்று நாம் சொன்னது தவறு என்று அந்த மாணவரின் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொண்டோம். பிள்ளைகள் திகைத்தனர். உணவு வேளையில் அவர் டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்தது தயிர்ச்சோறு. ஆயினும் தொட்டிக்குப் பின்னால் போகாமல், மற்றவர்களோடு பாயில் அமர்ந்து உண்டார்.