நாலு பக்கம் அளந்தா கழனியை அளந்ததாகாது

செஞ்சிக்கோட்டைன்னா ராஜா தேசிங்கு கதையைத்தான் எல்லாரும் எழுதறோம். இந்தத் தடவை கோட்டையோட வடிவத்தைப் பத்தி எழுதறேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. மலைக்கு மலை மதில் ஓடுது. மேலிருந்து பார்த்தா பெரிய முக்கோணம். திருவண்ணாமலை ரோட்டுல பஸ்ல போறவங்க அந்த முக்கோணத்துக்குள்ளதான் புகுந்து போறாங்க, யாரும் கவனிக்கறதில்ல.

கோட்டை கட்டினவங்க கணக்குப் பார்த்து முக்கோணமாக் கட்டினாங்கன்னு நான் சொல்லல. மலை அப்படி இருந்தது, மதிலும் அப்படிப் போச்சு. ஆனா மலைகளை வச்சு முக்கோணம் போட்டே நாட்டை அளந்த கதை ஒண்ணு இருக்கு. 1802 ஏப்ரல்ல சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி 100 அடி எஃகுச் சங்கிலியால ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு அளந்தார். அதுக்கப்புறம் தரையில அதிகம் சங்கிலி போடல. அந்தக் கோட்டோட ரெண்டு முனையிலும் நின்னு தூரத்துல ஒரு குன்றையோ கோபுரத்தையோ பார்த்து, கோணத்தை மட்டும் தியோடலைட்டுல எடுத்தா போதும். ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா மத்த ரெண்டு பக்கம் கணக்குல வந்துடும். அந்தப் பக்கத்து மேல அடுத்த முக்கோணம். இப்படியே இமயமலை வரைக்கும் போனாங்க. அந்தத் தியோடலைட் அரை டன் எடை. 1808ல தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துல ஏத்தும்போது கயிறு அறுந்து மோதிக்கிச்சு. லாம்டனே உட்கார்ந்து வாரக்கணக்கா ரிப்பேர் பண்ணினார்.

ஏன் முக்கோணம்? சதுரமா அளந்தா ஆகாதா? இதுக்குப் பதில் நம்ம வீட்டுப் படல்ல இருக்கு. நாலு கழியைக் கட்டி படல் செஞ்சா ஆடும், சாயும். குறுக்கே ஒரு கழி கட்டினா அசையாது. மூணு பக்கம் முடிவாயிட்டா வடிவமும் முடிவாயிடும். நாலு பக்கத்துக்கு அந்தக் குணம் கிடையாது.

பள்ளிக்கூடத்துல பேரையெல்லாம் மனப்பாடம் செஞ்சோம். மூணுக்கு முக்கோணம், கோணத்தை எண்ணி வச்ச பேர். நாலுக்கு மட்டும் நாற்கரம், கரம்னா கை. அஞ்சு, ஆறுக்குப் போனா மறுபடி ஐங்கோணம், அறுகோணம். எல்லாத்துக்கும் பொதுப்பேர் பலகோணம். முக்கோணத்திலேயே பக்கத்தை வச்சு சமபக்கம், இருசமபக்கம், அசமபக்கம்; கோணத்தை வச்சு செங்கோணம், குறுங்கோணம், விரிகோணம். பேர் தெரிஞ்சா மட்டும் போதாதுன்னு எங்க பங்காளிங்க ரெண்டு பேர் பாகம் பிரிச்சப்பத்தான் புரிஞ்சுது.

கணக்கு எளிசா இருக்க முழு எண்ணாச் சொல்றேன். ஆளுக்கு ஒரு துண்டு, நாலு பக்கமும் நூறு நூறு அடி. கயிறு போட்டுப் பார்த்தா சரிசமம். அண்ணன் துண்டு நேர் சதுரம், 10,000 சதுர அடி, கிட்டத்தட்ட 23 சென்ட். தம்பி துண்டு வாய்க்காலை ஒட்டிச் சாய்ஞ்சது, புத்தகத்துல சாய்சதுரம்னு போட்டிருக்குமே அது. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தா ஒரு பக்கம் 100 அடிதான் (அண்ணனுக்கு 141). அப்ப அது ரெண்டு சமபக்க முக்கோணம். மொத்தம் 8,660 சதுர அடி, 20 சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. மூணு சென்ட் போச்சு. ரெண்டு துண்டுக்கும் வேலிக் கம்பி ஒரே நீளம்தான் ஆகும்!

சர்வேயர் வந்து எஃப்.எம்.பி. படத்தை விரிச்சார். நம்ம சர்வே நம்பர் ஒவ்வொண்ணுக்கும் உள்ள புலப்படம் அது. அதுல கல்லுக்குக் கல் குறுக்கே போட்டிருக்கற கோட்டை ஜி லைன்னு சொல்றாங்க. எவ்வளவு கோணக்கழனியா இருந்தாலும் அதை முக்கோணமாப் பிரிச்சிடும் அந்தக் கோடு. பழைய படங்கள்ல அளவு லிங்க்ஸ்ல இருக்கும். 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க்ஸ், ஒரு சதுரச் சங்கிலி சரியா 10 சென்ட். நம்ம பக்கம் பெரியவங்க சொல்ற காணி அதுல 13 சதுரச் சங்கிலிக்கு மேல கொஞ்சம், அதாவது 1.32 ஏக்கர்.

படத்தைப் பார்த்ததும் அண்ணன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவரே தன் பக்கத்துல ஒண்ணரை சென்ட் விட்டுக் கல் நட்டுக்கச் சொன்னார். தம்பி, "வேணாண்ணா, கிணத்துப் பாதையை மட்டும் அகலமா விடுங்க, வண்டி திரும்பணும்"னு சொன்னான். கடைசியில ரெண்டும் நடந்துச்சு. பாதை இப்ப பத்தடி.